கட்டி தென்பட்டால் கலங்காதீர், காலம் தாழ்த்தாதீர்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று முடித்தவர்கள் இன்று நம் சங்கக் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனிமேல் ஆறு மாதத்திற்கு ஒரு முறை வந்தால் போதும்" என்று டாக்டர் சொல்லும் நாள் அந்த வீட்டிற்குத் தீபாவளி. ஆனால் அதன் பிறகு ஒரு நாள் குளிக்கும்போதோ, ரவிக்கை போடும்போதோ, முகச்சவரம் செய்யும்போதோ விரலில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். "திரும்பி வந்துவிட்டதோ?" என்ற ஒரே கேள்வியில் அன்றைய சாப்பாடும் தூக்கமும் போய்விடுகின்றன.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் மறைத்து, நாளை தானாகப் போய்விடும் என்று நாளைக் கடத்துகிறார்கள். சிலர் அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டி, சொத்துப் பத்திரத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். இருவருமே சோதனைக்கு முன்பே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒழுங்கான பாதை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மெட்டுகுடாவில் வசிப்பவன். என் துணைவியார் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். சிகிச்சை முடிந்த நான்காம் ஆண்டில் பழைய தழும்புக்கு அருகே அவருக்குப் புதிதாக ஒரு கட்டி தென்பட்டது. அப்போது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், பிறகு படித்து அறிந்தவற்றையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒரு முறை புற்றுநோய் கண்டவருக்கு உடம்பில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோயாகவே தோன்றும். அது இயற்கை. ஆனால் சிகிச்சை பெற்ற உடம்பில் கட்டி தோன்ற வேறு காரணங்கள் நிறைய உண்டு.

அறுவை செய்த இடத்திலும் கதிர்வீச்சுப் பட்ட இடத்திலும் கொழுப்புத் திசு சிதைந்து கெட்டியாகிவிடுவது உண்டு. சில மாதம் கழித்தும் வரும், சில ஆண்டு கழித்தும் வரும். தொட்டால் புற்றுநோய்க் கட்டியைப் போலவே கல்லாக இருக்கும், ஆனால் தீங்கு செய்யாது. அறுவைக்குப் பின் உள்ளே நீர் தேங்கினாலும் உருண்டையாகத் தெரியும். உள்தையல் நூலைச் சுற்றித் திசு வளர்ந்து முடிச்சுப் போலாகும். தழும்பே தடித்துக் கட்டியாகும். மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டவர்களுக்கு, முன்பு சதைக்கு அடியில் மறைந்திருந்த விலா எலும்பின் முனை கைக்கு அகப்படும். அதைப் புதிய கட்டி என்று நினைத்து ஓடி வருகிறவர்களும் உண்டு.

கழுத்திலும் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் இருப்பவை நிணநீர் முடிச்சுகள். பல்லில் சீழ், தொண்டைப் புண், காலில் ஒரு காயம் இருந்தால்கூட அவை வீங்கும். நம் நாட்டில் காசநோய் அதிகம். கழுத்தில் நெறிகட்டிப் பயந்து போனவர்களுக்குச் சோதனையில் காசநோய் என்று தெரிந்து, மாத்திரையிலேயே குணமானதும் உண்டு.

இவற்றோடு, பழைய நோயே திரும்பி வந்திருக்கவும் கூடும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இத்தனை காரணங்களில் எது என்பதை விரலால் அழுத்திப் பார்த்து நாம் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டரே விரலை மட்டும் நம்பி முடிவு சொல்வதில்லை. வலித்தால் புற்றுநோய், வலிக்காவிட்டால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. புற்றுநோய்க் கட்டி பல நேரங்களில் வலிப்பதே இல்லை.

இரும்பைச் சோதித்த கருவி

என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் உள்ளே வெளிப்பார்வைக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அறிய, காதுக்குக் கேட்காத ஒலியைச் செலுத்தும் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போவோம். ஒலி நன்றாக உள்ளே போவதற்காகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே குறை இருந்தால் எதிரொலி திரும்பி வந்து திரையில் காட்டும். ஸ்கேன் அறையில் வயிற்றின் மேல் வழுவழுப்பான பசையைத் தடவி ஒரு கருவியை நகர்த்துகிறார்களே, தத்துவம் இரண்டிற்கும் ஒன்றுதான். எங்களுக்குத் தண்ணீர், அவர்களுக்குப் பசை.

இது வெறும் ஒற்றுமை அல்ல, உறவே உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955-ஆம் ஆண்டில் ரென்ஃப்ரூ என்ற ஊரிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். கெட்டியான கட்டி ஒரு விதமாகவும், நீர் நிறைந்த கட்டி வேறு விதமாகவும் எதிரொலி கொடுத்தன. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினியரும், ஜான் மக்விகார் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்தார்கள். மூவரும் எழுதிய கட்டுரை 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அந்த ஆராய்ச்சியின்போது ஒரு பெண்மணியை அவர்களிடம் காட்டினார்கள். வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. இரைப்பைப் புற்றுநோய், அறுவைக்கும் வழியில்லை என்று மற்ற டாக்டர்கள் கருதியிருந்தார்கள். டொனால்டின் கருவியோ உள்ளே இருப்பது நீர் நிறைந்த பெரிய சினைப்பைக் கட்டி என்று காட்டியது. அறுவை செய்து எடுத்தார்கள். அது புற்றுநோய் இல்லை. அந்த அம்மாள் பிழைத்தார். எல்லோரும் கைவிட்ட ஓர் உயிரை, ஊகிப்பதை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்ததுதான் காப்பாற்றியது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

கட்டி தென்பட்ட தேதியை எழுதி வையுங்கள். எந்த இடம், என்ன அளவு, மிளகா, பட்டாணியா, நெல்லிக்காயா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்தினால் நல்ல சதையே வீங்கி வலிக்கும். நீவி விடுவது, பற்றுப் போடுவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல், முன்பு சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போன் செய்து முன்கூட்டியே நேரம் கேளுங்கள். சிகிச்சை முடிந்தவருக்குப் புதிய கட்டி என்று சொன்னால் அவர்களுக்கு அவசரம் புரியும். உங்கள் உடம்பில் முன்பு எதை எடுத்தார்கள், எங்கே கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அங்கே போக முடியாதவர்கள் வேறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாம். நம் ஊரில் ரெட்ஹில்ஸில் இருக்கும் எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் மருத்துவமனை 1950-களிலிருந்து இயங்கி வருவது. மெட்டுகுடாவில் மெட்ரோ ரயில் ஏறி, அமீர்ப்பேட்டையில் மாறி லக்டிகாபூலில் இறங்கினால் பக்கம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் மருத்துவ அட்டையுடன் லாலாகுடா ரயில்வே மருத்துவமனையில் காட்டி, மேல் சிகிச்சைக்கான கடிதம் பெறலாம்.

போகும்போது பழைய காகிதங்கள் அனைத்தையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கதிர்வீச்சு விவரம், பழைய மாமோகிராம், ஸ்கேன் படங்கள் ஆகியவை முக்கியம். ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். போன வருஷப் படத்தில் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

சில அறிகுறிகளுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போது காய்ச்சல், மூச்சுத் திணறல், முதுகு வலியோடு கால் மரத்துப் போவது அல்லது சிறுநீர் போக முடியாமல் ஆவது, முகமும் கழுத்தும் வீங்குவது - இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

டாக்டர் முதலில் கையால் பார்ப்பார். பிறகு ஸ்கேன், மார்பகமானால் மாமோகிராமும் எடுக்கச் சொல்வார். மார்பக ரிப்போர்ட்டின் கடைசியில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்த எண்ணைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. பை-ராட்ஸ் 4 என்பதும் நான்காம் கட்டப் புற்றுநோய் என்பதும் ஒன்றல்ல. 0 என்றால் இன்னும் படம் தேவை. 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, சில மாதத்தில் மறுபடி பார்க்கலாம். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். 5 என்றால் சந்தேகம் மிகவும் பலமானது. 6 என்றால் ஏற்கெனவே உறுதியான புற்றுநோய். 4 போட்டவற்றிலும் பல, சோதனையில் தீங்கற்றவையாக முடிகின்றன.

எங்கள் துறையிலும் இதே வழக்கம்தான். கருவி காட்டிய குறைகளை 'ஐ.எம்.ஆர்.', 'ஓ.பி.எஸ்.' என்று தரம் பிரிப்போம். முதலாவது, உடனே மாற்ற வேண்டிய தண்டவாளம். இரண்டாவது, தகடு போட்டுக் கண்காணிப்பில் வைக்க வேண்டியது. குறை என்று எழுதிய மாத்திரத்தில் ரயிலை நிறுத்திவிடுவதும் இல்லை, கண்டும் காணாமல் விடுவதும் இல்லை. கண்காணிப்பில் வைக்கிறோம் என்று டாக்டர் சொன்னால், அலட்சியமாக அனுப்பிவிட்டார் என்று எண்ணாதீர்கள். அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் மறுபடி வரச் சொன்ன தேதியைத் தவற விடக்கூடாது.

சந்தேகம் இருந்தால் ஊசிச் சோதனை. மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சி எடுப்பது எஃப்.என்.ஏ.சி. 1930-லேயே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் இம்முறையை விவரித்து எழுதியிருக்கிறார்கள். சற்றுத் தடித்த ஊசியால் ஒரு துணுக்குத் திசுவே எடுப்பது கோர் பயாப்ஸி. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயம் நம் மக்களிடம் மிகவும் ஊறியிருக்கிறது. மார்பகக் கட்டிக்கோ கழுத்து நெறிக்கோ அந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப் போடத் தேவையில்லை. எங்கே ஊசி கூடாதோ, அதை டாக்டர்களே அறிந்து வேறு வழியில் எடுப்பார்கள். சோதிக்காமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

எடுத்த அணுக்கள் போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், நோய் இல்லை என்று அர்த்தம் அல்ல. மறுபடி எடுக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பெட் ஸ்கேனில் ஓரிடம் ஒளிர்ந்தாலும் அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காசநோயும் ஆறாத புண்ணும்கூட ஒளிரும். நோய் திரும்பியது ஏறக்குறைய நிச்சயம் என்று தோன்றும்போதும் டாக்டர்கள் திசுச் சோதனை கேட்பதற்குக் காரணம் உண்டு. திரும்பி வரும் கட்டியின் குணம் முதல் கட்டியின் குணத்திலிருந்து மாறியிருக்கலாம். மாறியிருந்தால் மருந்தும் மாற வேண்டும்.

காத்திருக்கும் நாட்கள்

ஊசிச் சோதனைக்கும் ரிப்போர்ட்டுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் மிகவும் கொடியவை. சிகிச்சைக் காலத்தில்கூட ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற தெம்பு இருந்தது, இப்போது சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் கவலை கோழைத்தனம் அல்ல. நோய் திரும்புமோ என்ற அச்சம் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பலருக்கு இருப்பதை டாக்டர்களே தனியாக ஆராய்கிறார்கள்.

கவலைப்படாதே என்று சொன்னால் கவலை போவதில்லை. அதற்கு ஒரு நேரம் ஒதுக்குவது பயன் தருகிறது. சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து, மனத்தில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவற்றில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை எவை என்று பிரித்து, தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கவலை எழுந்தால், நாளை சாயங்காலம் உனக்கு நேரம் உண்டு என்று சொல்லிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் இது விளையாட்டாகத் தோன்றும், பிறகு மனம் பழகிக்கொள்கிறது.

காலையில் நடைப்பயிற்சி, வேளைக்குச் சாப்பாடு, வீட்டு வேலை, கோயில், பஜனை, பேரனுக்குப் பாடம் சொல்லித் தருவது என்று வழக்கமான எதையும் நிறுத்தாதீர்கள். செல்போனில் நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பதை மட்டும் நிறுத்துங்கள். அதில் வரும் கதைகள் வேறொருவருடைய உடம்பைப் பற்றியவை. இரண்டு வாரத்திற்கு மேலும் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசுகிறார்கள்.

குடும்பத்தாருக்கு

என் துணைவியார் கட்டி தென்பட்டதை மூன்று வாரம் என்னிடம் சொல்லவில்லை. அப்போது எங்கள் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். அந்த விசேஷத்தில் யார் முகமும் வாடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். விருந்தாளிகள் எல்லோரும் ஊருக்குப் போன அன்று இரவு, பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "ஏங்க, இந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வாயால சொல்லிட்டா அது நிஜமாயிடுமோன்னு பயம்" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, சொல்கிறவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். "ஒன்றும் இருக்காது, சும்மா இரு" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். அப்படிச் சொன்னால் அவர் மறுபடி பேசமாட்டார். "நாளைக்கே போகலாம், நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள், அது போதும். டாக்டர் அறைக்குள் நீங்களும் போய், அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பயந்த காதில் பாதிப் பேச்சு விழாது. உறவினர் எல்லோருக்கும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு கஷாயமும் ஆளுக்கொரு சாவுக் கதையும் வந்து சேரும். வளர்ந்த பிள்ளைகளிடம் மட்டும் மறைக்காதீர்கள். சோதனை செய்கிறோம், இன்ன தேதியில் தெரியும் என்று சொல்லிவிடுவது நல்லது. அரைகுறையாகக் கேட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுவார்கள்.

முடிவு எதுவானாலும்

என் துணைவியாருக்குப் பயாப்ஸியில் வந்தது கொழுப்புத் திசுச் சிதைவு என்ற முடிவு. கண்காணிப்பு மட்டும் போதும் என்றார்கள். எங்கள் பகுதியிலேயே இன்னொரு அன்பருக்கு அப்படி முடியவில்லை. வாயில் சிகிச்சை பெற்றவர். கழுத்தில் தென்பட்ட முடிச்சு பழைய நோயேதான் என்று தெரிந்தது. ஆனால் தென்பட்ட வாரமே போய்க் காட்டியதால் அறுவைக்கு வழி இருந்தது. பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இன்று காலையில் அவரை நடைப்பயிற்சியில் பார்க்கலாம். எங்கள் வீட்டில் நல்ல முடிவு வந்தது எங்கள் திறமையால் அல்ல. அவருக்கு நோய் திரும்பியது அவருடைய தவறாலும் அல்ல. இருவர் கையிலும் இருந்தது ஒன்றுதான்: நாளைக் கடத்தாமல் போய்க் காட்டுவது.

நோய் திரும்பினால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணமும் பழைய காலத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சகோதரி 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த உறுதிதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அங்கே 1955-இல் சேர்ந்து, 2021-இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தவர் டாக்டர் சாந்தா அவர்கள். அந்த நூறாண்டுக்குள் வைத்தியம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. திரும்பி வந்த கட்டி அதே இடத்தோடு நின்றிருந்தால், முழுக் குணத்தை நோக்கியே சிகிச்சை தரப் பல நேரங்களில் முடிகிறது. பரவியிருந்தாலும் பல வகை நோய்களை மருந்தால் அடக்கி, ஆண்டுக் கணக்கில் வாழ வைக்க முடிகிறது. வலியைக் குறைக்கவும் வழிகள் உண்டு.

ரயில்வேயில் கீமேன் என்ற ஊழியர் தம் பகுதிப் பாதையைத் தினமும் நடந்தே பார்த்து வருவார். நேற்று ஒன்றும் இல்லை என்பதற்காக இன்று நடக்காமல் இருப்பதில்லை. இன்று ஏதாவது இருக்குமோ என்று பயந்துகொண்டும் நடப்பதில்லை. ஒன்று தென்பட்டால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டு, மீதித் தூரத்தையும் நடந்து முடிப்பார். சிகிச்சை முடிந்த அன்பர்களும் குறித்த தேதிகளில் செக்கப்புக்குப் போய் வாருங்கள். இடையில் ஏதேனும் தென்பட்டால் அந்த வாரமே காட்டுங்கள். மற்ற நாட்களை உங்களுக்காகவும் உங்கள் குடும்பத்திற்காகவும் வாழுங்கள். அனைவரும் நலம் பெற்று நீடு வாழ்க!